மேப்பின் அளவு எதையும் சொல்லாது: ஓப்பன் வேர்ல்டு ஃபேண்டஸி ஆர்பிஜியை எடைபோடுவது எப்படி?

புதிய ஓப்பன் வேர்ல்டு கேம் ஒன்று வரப்போகிறது என்றாலே முதலில் காதில் விழுவது எண்கள்தான். மேப் இத்தனை சதுர கிலோமீட்டர், கதை இத்தனை மணி நேரம், குவெஸ்ட் இத்தனை நூறு. வாங்குபவர் அதைத்தான் கேட்கிறார், விமர்சிப்பவரும் அதைத்தான் அடுக்குகிறார். எண்கள் உண்மையாகவே இருக்கட்டும். கேம் நன்றாக இருக்குமா என்பதற்கு அவற்றில் விடை கிடையாது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு உலகங்களில் ஒன்றைப் பற்றிப் பத்து வருடம் கழித்தும் பேசுகிறார்கள், இன்னொன்றை இருபதாவது மணி நேரத்தில் அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

எதைப் பார்த்து எடைபோடுவது? இரண்டு கேள்விகள் போதும். ஆட்டக்காரர் எவ்வளவு அடிக்கடி தானாக ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது? எடுத்த முடிவை அந்த உலகம் எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கிறது? கிராஃபிக்ஸ், இசை, சண்டை, கதை எல்லாமே இந்த இரண்டுக்கும் உதவும்போதுதான் மதிப்புப் பெறுகின்றன.

முதலில் சில சொற்கள்

ஆர்பிஜி என்பது ரோல் பிளேயிங் கேம். ஒரு பாத்திரத்தை நீங்கள் ஏற்கிறீர்கள். அதன் வாள்வீச்சு, மந்திரம், பேச்சுத் திறமை போன்றவை எண்களாகக் கணக்கிடப்படுகின்றன. விளையாட விளையாட அந்த எண்கள் ஏறுகின்றன. மொத்த வளர்ச்சியைக் காட்டும் படிக்கு லெவல் என்று பெயர். குவெஸ்ட் என்பது உங்களிடம் ஒப்படைக்கப்படும் வேலை. அதை ஒப்படைப்பவர் பெரும்பாலும் ஒரு என்பிசி, அதாவது கணினி இயக்கும் மனிதர். ஓப்பன் வேர்ல்டு என்றால் கதை சொல்லும் வரிசைக்குக் கட்டுப்படாமல், ஒரே பெரிய நிலத்தில் விரும்பிய திசையில் போகலாம் என்று பொருள்.

இவற்றில் இரண்டு ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதைக் கவனியுங்கள். "எங்கு வேண்டுமானாலும் போ" என்கிறது ஓப்பன் வேர்ல்டு. "படிப்படியாக வளர்" என்கிறது ஆர்பிஜி. எங்கும் போகலாம் என்றால் படி எங்கே? படி இருந்தால் சுதந்திரம் எங்கே? இந்த வகை கேம்களில் வரும் பெரிய கோளாறுகளில் பாதி இந்த இழுபறியிலிருந்து பிறப்பவை. பெரிய வெற்றிகளும் அப்படித்தான்.

அளவு ஏன் ஏமாற்றுகிறது?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 1996-இல் வந்த டேகர்ஃபாலின் நிலப்பரப்பு ஏறக்குறைய பிரிட்டன் அளவு என்று தயாரிப்பாளர்களே சொன்னார்கள். ஊர்களும் குகைகளுமாக 15,000-க்கும் மேற்பட்ட இடங்கள். இவ்வளவையும் மனிதர்கள் உட்கார்ந்து வடிவமைக்க முடியாது. விதிகளை எழுதிக் கொடுத்து, அவற்றின்படி கணினியே இடங்களை உருவாக்க வைத்தார்கள். இதற்குப் புரொசீஜரல் ஜெனரேஷன் என்று பெயர். விளைவு என்ன? நான்கு ஊர்களைப் பார்த்தவருக்கு ஐந்தாவது ஊரில் புதிதாக எதுவும் இல்லை. அதே கட்டடங்கள் இடம் மாறி நிற்கும். இடையிலுள்ள நிலத்தில் நடக்கக் காரணமே கிடையாது. எல்லோரும் மேப்பில் ஊரைத் தேர்ந்தெடுத்து நேராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே வரிசையின் அடுத்த முதன்மை கேமான மொரோவிண்ட் 2002-இல் வந்தது. நிலம் டேகர்ஃபாலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு குகையும் கையால் வைக்கப்பட்டது. எந்தக் கல்லறைக்குள் எந்த வாள் கிடக்கிறது என்பதை ஒரு மனிதர் யோசித்து முடிவு செய்திருந்தார். யோசித்து வைத்ததைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். விதி தூவிவிட்டுப் போனதில் தேடுவதற்கு எதுவும் இருக்காது.

சுருக்கமாக: பரப்பளவைப் பார்க்காதீர்கள். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வழியில் நின்று பார்க்க எத்தனை காரணங்கள் கிடைக்கின்றன என்று பாருங்கள்.

கண் பார்த்துப் போவதும் அம்புக்குறி பார்த்துப் போவதும்

அறியாத ஊரில் கைபேசியின் வழிகாட்டிக் குரலைக் கேட்டுப் போகிறீர்கள். இடம் திரும்பு, வலம் திரும்பு, வந்து சேர்ந்தாயிற்று. திரும்பி வரச் சொன்னால் வழி தெரியாது. அதே ஊரில் ஒரு கோபுரத்தை அடையாளம் வைத்து, நாலு பேரிடம் கேட்டு, ஒருமுறை தவறித் திரும்பிப் போயிருந்தால் அந்த ஊரே மனதில் பதிந்திருக்கும். முதல் பயணத்தில் முடிவு எதையும் நீங்கள் எடுக்கவில்லை. இரண்டாவதில் பத்துப் பதினைந்து முடிவுகள் எடுத்தீர்கள்.

குவெஸ்ட் மார்க்கர் செய்வது அந்தக் குரலின் வேலையைத்தான். போகவேண்டிய இடத்தைத் திரையிலேயே காட்டும் குறி அது. திரையின் மூலையில் சிறு வட்டமாகத் தெரியும் மினிமேப் இன்னும் மோசம்; எதிரே விரிந்து கிடக்கும் மலையை விட்டுவிட்டு மூலையிலுள்ள வட்டத்தையே பார்த்தபடி ஓடும் பழக்கம் வந்துவிடுகிறது.

மொரோவிண்டில் மார்க்கர் கிடையாது. குவெஸ்ட் கொடுப்பவர் வாயால் வழி சொல்வார்: கோட்டையைத் தாண்டிப் போ, பழைய பாலம் வரும், அதைக் கடந்தால் இடிபாடு தெரியும். இதில் குறையும் உண்டு. சில இடங்களில் வழியே தவறாக எழுதப்பட்டிருந்தது. தேடியவர் அரைமணி நேரம் வீணாக அலைய வேண்டியிருக்கும். அடுத்து வந்த ஆப்லிவியன் (2006) திசைகாட்டியில் மார்க்கரை வைத்து இதைத் தீர்த்தது. கூடவே வழி சொல்லும் உரையாடலையும் இழந்தது. அதனால்தான் ஆப்லிவியனிலும் அதே வரிசையில் அதற்கடுத்து வந்த ஸ்கைரிமிலும் மார்க்கரை மறைத்துவிட்டு விளையாடலாம் என்று நினைப்பவர்கள் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். பல குவெஸ்ட்களில் இடத்தின் பெயர் மட்டுமே சொல்லப்படும். எந்தத் திசை என்று யாரும் சொல்வதில்லை. மார்க்கர் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட குவெஸ்ட் அது.

வழி தவறவும் விடாமல், கையைப் பிடித்து இழுக்கவும் செய்யாமல் ஆட்டக்காரரை நடத்துவது எப்படி? இதுவரை கிடைத்தவற்றில் மிகத் தெளிவான விடை நின்டெண்டோவின் பிரெத் ஆஃப் த வைல்ட் (2017). அதன் நிலத்தை முக்கோண வடிவங்களால் கட்டினோம் என்று அதே ஆண்டு ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் தயாரிப்பாளர்கள் மாநாட்டில் தயாரிப்புக் குழுவினர் விளக்கினார்கள். முக்கோணம் இரண்டு வேலை செய்கிறது. உச்சி கண்ணை இழுக்கிறது. சரிவு, பின்னால் இருப்பதை மறைக்கிறது. ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். சுற்றி வளைந்தால் மறைந்திருந்த ஏதோ ஒன்று வெளிப்பட்டு, கிளம்பிய நோக்கத்தையே மாற்றிவிடும். தொலைவில் தெரிய மலை போன்ற பெரிய முக்கோணம், வழியை மறைக்க நடுத்தர முக்கோணம், நடையின் வேகத்தை மாற்றச் சிறு பாறைகள் என மூன்று அளவுகளில் இதைச் செய்தார்கள்.

அதே கேமில் தேடிச் சேகரிக்கும் பரிசாக உலகமெங்கும் ஒளிந்திருக்கும் 900 கோரோக் விதைகளைப் பலர் குறையாகச் சொல்வதுண்டு. ஆயுதம் வைக்கும் இடங்களை முழுதாக விரிவாக்க 441 போதும். எஞ்சியவை, எந்தத் திசையில் போனாலும் ஏதாவது கிடைக்கட்டும் என்பதற்காக வைத்தவை. மேப்பில் அவை முன்கூட்டித் தெரிவதில்லை என்பதுதான் முக்கியம். தி விட்சர் 3 கேமின் மேப்பில், ஸ்கெல்லிகே என்ற தீவுப் பகுதியின் கடலெங்கும் போய்ப் பார்க்கவேண்டிய இடங்களை முன்கூட்டியே காட்டும் கேள்விக்குறிகளை இதோடு ஒப்பிடுங்கள். அங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லை. பட்டியலை முடிக்கும் வேலை மட்டுமே மிச்சம். மற்றபடி அது எவ்வளவு உயர்ந்த கேமாக இருந்தாலும், அந்தக் கடல் அதன் பலவீனமான பகுதி.

எதிரிகளும் சேர்ந்து வளர்ந்தால்?

முன்பு சொன்ன இழுபறி இங்கேதான் வெளிப்படுகிறது. ஆட்டக்காரர் எந்தத் திசையில் போவார் என்று தெரியாதபோது எதிரிகளின் பலத்தை எப்படி நிர்ணயிப்பது?

ஒரு வழி லெவல் ஸ்கேலிங். உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் தானாகப் பலம் பெறுவார்கள். எங்கே போனாலும் சண்டை ஓரளவு சமமாக இருக்கும். கேட்க நியாயமாகத் தெரியும் இந்த ஏற்பாடு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்லிவியன்தான் பாடம். வழிப்பறிக்காரர்கள்கூட உயர்ந்த லெவலில் மிக அரிதான கிளாஸ் கவசம் அணிந்து வந்து சில்லறைப் பணம் கேட்பார்கள். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த முதன்மைத் திறன்களில் மொத்தம் 10 முறை ஏற்றம் வந்தால் ஒரு லெவல் ஏறும். பேரம் பேசுவதும் மருந்து தயாரிப்பதும் உங்கள் முதன்மைத் திறன்கள் என்றால், அவற்றாலேயே லெவல் ஏறிவிடும். எதிரிகளோ வாளோடு வளர்வார்கள். வளர்ந்த ஆட்டக்காரர் முன்பைவிடப் பலவீனமாகிறார். குறைந்த லெவலிலேயே இருந்துகொண்டு முதன்மைக் கதையை முடிப்பது எளிது என்ற தலைகீழ் நிலை அங்கே இருந்தது. வளர்ச்சியே தண்டனையானால் ஆர்பிஜியின் அடிப்படையே ஆடிப்போகிறது.

பரிசுப் பொருளுக்கும் இதே விதி. சில்ரெண்ட் என்ற புகழ்பெற்ற வாளைத் தொடக்கத்திலேயே எடுத்தால் அது கடைசிவரை பலவீனமான வாளாகவே இருக்கும். உயர்ந்த லெவலில் எடுத்தால் அதே பெயரில் பலமான வாள். விஷயம் தெரிந்தவர்கள் நல்ல குவெஸ்ட்களை வேண்டுமென்றே தள்ளிப்போட்டார்கள்.

இதற்கு நேரெதிர் வழி, எதிரிகளின் பலத்தை இடத்தோடு கட்டிவைப்பது. 2001-இல் ஜெர்மனியில் உருவான கோதிக் அப்படித்தான். முதல் நாளே காட்டுக்குள் போனால் செத்துப்போவீர்கள். திறன் வளரத் தகுந்த ஆசானைத் தேடிப் பயிற்சி பெற வேண்டும். பயிற்சி இல்லாதபோது உங்கள் பாத்திரம் ஒரு கை வாளை இரண்டு கையாலும் பிடித்துத் தடுமாறும். கற்றபிறகு நிற்கும் தோரணையே மாறும். முன்பு துரத்திய மிருகத்தை அதே காட்டில் வீழ்த்தும்போது வளர்ந்திருக்கிறோம் என்பதற்கு உலகமே சாட்சி சொல்கிறது. எந்த எண்ணும் தராத நிறைவு அது.

எல்டன் ரிங் (2022) இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தது. திறந்த வெளிக்கு வந்தவுடன் குதிரைமேல் ஒரு பொன்னிறக் கவச வீரன் எதிரே திரிகிறான். மோதினால் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அவனைச் சுற்றிப் போக எல்லாத் திசையும் திறந்திருக்கிறது. "முடியாவிட்டால் வேறிடம் போ, பிறகு வா" என்பதை ஒரு வரி எழுதாமல் அந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது.

இடத்தோடு கட்டுவதிலும் தவறு நேரும். விட்சர் 3-இல் ஒரே உடை, ஒரே கோடரி கொண்ட இரண்டு கொள்ளையர்களில் ஒருவன் நாலு வெட்டில் விழுவான், இன்னொருவன் லெவல் அதிகம் என்பதால் நாற்பது வெட்டுக்கும் அசையமாட்டான். பார்வைக்குத் தெரியாத பலம் ஆட்டக்காரரின் கணிப்பைப் பொய்யாக்குகிறது. ஸ்கைரிம் (2011) நடுவழியை எடுத்தது: ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச லெவல் உண்டு, நீங்கள் முதலில் நுழையும்போது எந்த லெவலோ அதையொட்டி அந்த எல்லைக்குள் அது உறைந்துவிடும். முழுமையான தீர்வு இல்லையென்றாலும் ஆப்லிவியனைவிட எவ்வளவோ மேல்.

சுருக்கமாக: பலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தப்பிக்க வழி வேண்டும், திரும்பி வந்தால் வித்தியாசம் உணர வேண்டும்.

முடிவும் விளைவும்

"உங்கள் முடிவு கதையை மாற்றும்" என்று எல்லா விளம்பரமும் சொல்லும். இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு வழி கொண்ட முடிவுகள் பத்து வந்து, ஒவ்வொன்றும் கதையை நிரந்தரமாகப் பிரித்தால் 1,024 கதைகள் எழுத வேண்டும். யாராலும் முடியாது. ஆகவே கதை பிரிந்து, கொஞ்ச தூரம் போய், மீண்டும் ஓரிடத்தில் சேரும்படிதான் எழுதுகிறார்கள். இது மோசடி இல்லை. சேர்ந்த பிறகும் முந்தைய முடிவின் தடம் தெரிகிறதா என்பதுதான் தரத்தைக் காட்டும்.

விட்சர் 3-இன் (2015) வெலன் பகுதியில் ஒரு பழைய மரத்தடியில் சிறைப்பட்ட ஆவி வருகிறது. விடுவிப்பதா, அழிப்பதா? அந்த நேரத்தில் எது சரி என்று தெரியாது. விளைவு உடனே வருவதும் இல்லை. பல மணி நேரம் கழித்து வேறொரு குடும்பத்தின் வாழ்க்கையில் வந்து விழுகிறது. தாமதம் ஏன் முக்கியம் என்றால், விளைவு உடனே தெரிந்தால் எவரும் முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்குத் திரும்பிப் போய் முடிவை மாற்றிக்கொள்வார். பல மணி நேரம் கடந்துவிட்டால் அந்த முடிவோடுதான் வாழ வேண்டும். அப்போதுதான் அது முடிவு.

இதன் மறுமுனை, வார்ப்புருவிலிருந்து வரும் குவெஸ்ட். கொடுப்பவர், இடம், பொருள் என மூன்று காலி இடங்களைக் கணினி நிரப்பும்: இன்னார் இந்தக் குகையிலிருந்து இதைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்கைரிமில் ரேடியன்ட் குவெஸ்ட் என்ற பெயரில் இது முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். குவெஸ்ட் எண்ணிக்கையை வைத்து எடைபோடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் (2014) ஹின்டர்லேண்ட்ஸ் என்ற முதல் பெரும் பகுதி இப்படிச் சில்லறை வேலைகளால் நிறைந்திருந்தது. அதை முழுதாக முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நினைத்துப் பலர் அலுத்தார்கள். "அங்கேயே நிற்காமல் கதைக்குப் போங்கள்" என்று தயாரிப்பு அணியிலிருந்தே சொல்ல வேண்டியதாயிற்று. புதிதாக விளையாடுபவர்களுக்கும் அதே அறிவுரைதான். ஒரு பகுதியைத் துடைத்து முடிப்பது உங்கள் கடமை இல்லை.

உலகத்துக்கு என்று விதிகள்

கோதிக்கில் யாருடைய குடிசைக்குள்ளாவது நுழைந்தால் அவர் பின்னாலேயே வந்து வெளியே போகச் சொல்வார். கேட்காவிட்டால் அடி விழும். 1992-இன் அல்டிமா 7-இலேயே என்பிசிகள் வேலைக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், இரவில் தூங்கினார்கள். அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல இவை. கடைக்காரர் எப்போது தூங்குவார் என்று தெரிந்தால்தானே திருடுபவராக ஒருவர் விளையாட முடியும்?

பிரெத் ஆஃப் த வைல்டில் தீ புல்லைப் பற்றும். புல் எரிந்தால் மேல்நோக்கிக் காற்று எழும்பும். அந்தக் காற்றில் பாராசூட் போன்ற துணியை விரித்து உயரே போகலாம். இடிமழையில் உலோக ஆயுதம் மின்னலை இழுக்கும். அதை எதிரியின் காலடியில் வீசிவிடலாம். விதி சில, அவற்றின் சேர்க்கை ஏராளம். ஒரே விதி எல்லா இடத்திலும் பொருந்தினால் ஆட்டக்காரர் சொந்தமாகத் திட்டமிடுவார். ஒரு மரக்கதவு எரிந்து இன்னொன்று எரியாவிட்டால் அதோடு யோசிப்பதையே நிறுத்திவிடுவார்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான கேம்களில் பாதி வழியிலேயே பணம் குவிந்து பொருளற்றுப் போகும். வரவுக்கு எல்லையில்லை, செலவுக்கு இடமில்லை என்பதே காரணம். ஃபாஸ்ட் டிராவல், அதாவது மேப்பில் தொட்டவுடன் போய்ச்சேரும் வசதி, இருந்தாலே குற்றம் என்பதும் சரியல்ல. மொரோவிண்டில் ராட்சதப் பூச்சி வாகனம், படகு, மந்திரவாதிகளின் சங்கம் என வழித்தடங்கள் இருந்தன. எதில் ஏறி எங்கே மாறுவது என்பதே ஒரு முடிவு. டிராகன்ஸ் டாக்மா 2 (2024) எளிதில் கிடைக்காத ஃபெர்ரிஸ்டோன் கல்லைச் செலவழிக்க வைக்கிறது. நடக்கும் வழி நன்றாக இருந்தால் இது பலம். வழியெங்கும் ஒரே எதிரிகள் திரும்பத் திரும்ப வந்தால் இதுவே சுமை.

நீங்களே சோதித்துப் பார்க்க

பயிற்சிப் பகுதி முடிந்ததும் கதையை விட்டுவிடுங்கள். தொலைவில் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 10 நிமிடம் அதை நோக்கி நடங்கள். வழியில் சொந்த ஆர்வத்தால் எத்தனை முறை நின்றீர்கள்? மூன்று, நான்கு என்றால் நிலம் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒருமுறைகூட இல்லையென்றால் மீதி மேப்பும் பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்து மினிமேப்பை அணையுங்கள். பிரெத் ஆஃப் த வைல்டில் இதற்கென்றே புரோ மோடு உண்டு. விட்சர் 3-இலும் அமைப்புகளில் மறைக்கலாம். ஒரு குவெஸ்டை, கேட்டதையும் பார்த்ததையும் மட்டும் வைத்து முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு உங்களைவிடப் பலமான எதிரி ஒன்றிடம் போய்த் தோற்றுப் பாருங்கள். ஏன் தோற்றோம் என்பது புரிந்தால் நல்லது. மொரோவிண்டில் புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்: வாள் எதிரிமேல் பட்டாலும் அடி விழாது. அடி விழுமா என்பதை ஆயுதத் திறனும் மிச்சமிருக்கும் தெம்பும் சேர்ந்து தீர்மானிக்கும். ஓடிக்கொண்டே வந்து சண்டைக்குள் நுழைபவருக்குத் தெம்பு காலியாகியிருக்கும். நடந்து போய், முதன்மைத் திறனாக எடுத்த ஆயுதத்தையே பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக, ஏதாவது ஒரு குவெஸ்டை முடித்த ஊருக்குச் சற்று நேரம் கழித்துத் திரும்பிப் போங்கள். அங்குள்ளவர்களுக்கு நடந்தது தெரிந்திருக்கிறதா? பேச்சில் ஒரு வரியாவது மாறியிருக்கிறதா?

நேரக் கணக்கில் கவனம் தேவை. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கியவர்கள் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த வகை கேம்களின் தொடக்கப் பகுதி பெரும்பாலும் கட்டுப்பாடானது, நீளமானது. பாத்திரத்தின் முகத்தைச் செதுக்குவதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும், கேமைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் முறை கொடுத்த முகத்தையே ஏற்றுக்கொண்டு சீக்கிரம் வெளியே வந்துவிடுங்கள். பிடித்திருந்தால் முகத்தை நிதானமாகச் செதுக்கிப் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம்.